மெக்கானிக்கல் முடித்தவன் ஏரோஸ்பேஸ் ஆராய்ச்சிக்குப் போகலாமா? வேலையை விட யோசனையாக இருக்கிறது

தண்டையார்பேட்டை பையன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தண்டையார்பேட்டை. 2023ல் ஒரு தனியார் கல்லூரியில் பிஇ மெக்கானிக்கல் முடித்தேன். இப்போது கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது இருபத்திரண்டாயிரம். ஷிஃப்ட் மாறி மாறி வரும். லோக்கல் டிரெயினில் உட்கார்ந்தும் நின்றும் படித்து இந்த வருடம் கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான தேசியத் தேர்வு) மெக்கானிக்கல் எழுதினேன். ஸ்கோர் பிரமாதம் இல்லை, மோசமும் இல்லை. போட்டு வைப்போமே என்று ஏரோஸ்பேஸ் துறைகளுக்கு விண்ணப்பித்ததில் இரண்டு இடத்திலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று சென்னையிலேயே எம்எஸ், ஆராய்ச்சிப் படிப்பு. இன்னொன்று வெளியூரில் நேரடி பிஎச்டி.

ஏரோஸ்பேஸ் ஏன் என்று கேட்டால் பெரிய காரணமெல்லாம் இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து வந்த ஆசை.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்க்கிறார், சீக்கிரம் ரிட்டயர் ஆகிவிடுவார். தங்கை காலேஜில் இரண்டாம் வருடம். "படிக்கிறது நல்லதுதான், ஆனா எப்போ சம்பாதிப்பே?" என்று அம்மா கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. மெக்கானிக்கல்காரனை ஏரோவில் மதிப்பார்களா? ஐந்து வருடம் போனால் அதற்குப் பிறகு என்ன? பத்தாவது வரை தமிழ் மீடியம், ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது. அதுவும் ஒரு பயம். இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பெரம்பூர் வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் ஆசையில் மண்ணைப் போட வரவில்லை. ஆனால் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் பல வருடமாக இருக்கிறேன். முன்பெல்லாம் இரண்டு செக்‌ஷன் நிரம்பி வழியும். இப்போது எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் ஓட, எங்கள் துறையில் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. உதவிப் பேராசிரியருக்கு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700. அது காகிதத்தில். எங்கள் மாதிரி இடங்களில் கைக்கு வருவது அதில் பாதி கூட இல்லை. அட்மிஷன் சீசனில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் ஏறி இறங்கிப் பிள்ளை பிடிக்கும் வேலையும் நம் தலையில்தான்.

பிஎச்டி இல்லாமல் இணைப் பேராசிரியர் ஆக முடியாது என்பதால் பகுதி நேரமாகச் சேர்ந்தேன். பகலில் வகுப்பு, இரவில் ஆராய்ச்சி. லேப் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லாததால் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டித்தான் முடித்தேன். கூட இருந்த சிலர் காசு கட்டினால் போட்டுவிடும் ஜர்னல்களில் பேப்பர் போட்டு முடித்தார்கள். அந்தப் பட்டமும் இந்தப் பட்டமும் சுவரில் மாட்டினால் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

பேராசிரியர் வேலைக்காகத்தான் போகிறீர்கள் என்றால் நன்றாக யோசித்துக்கொண்டு போங்கள். கையில் இருக்கும் வேலையில் நாலு வருடம் நின்றால் நாற்பதாயிரத்தைத் தொடலாம்.


தேரடி அக்கா எழுதியது:

தம்பி, பெரம்பூர் சார் எழுதியது அத்தனையும் நிஜம். ஆனால் அவர் சொன்னது வாத்தியார் வேலையைப் பற்றி. நீ கேட்டது ஆராய்ச்சியைப் பற்றி. உன் மனதில் ஓடுவதோ ராக்கெட். மூன்றும் வேறு வேறு. முதலில் இவற்றைப் பிரித்துப் போட்டுவிடலாம், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

நான் திருவொற்றியூர்ப் பெண். அப்பா வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் டர்னர், லேத்தில் கடைசல் பிடிப்பவர். பிஇ மெக்கானிக்கல், அப்புறம் எம்டெக், அப்புறம் ஏரோஸ்பேஸில் பிஎச்டி, வெளிநாட்டில் கொஞ்ச காலம் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிறகு செய்யும் தற்காலிக ஆராய்ச்சி வேலை). இப்போது ஒரு கல்வி நிறுவனத்தில் உதவிப் பேராசிரியர்.

ராக்கெட்டை முதலில் பார்ப்போம். ராக்கெட் செய்யும் இடத்தில் வேலை பார்ப்பதுதான் ஆசை என்றால் அதற்கு பிஎச்டி தேவையே இல்லை. இஸ்ரோ விஞ்ஞானி/பொறியாளர் பணிக்கு பிஇ மெக்கானிக்கல் போதும். அவர்கள் அறிவிப்பு விடும்போது மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் இந்த மூன்றுக்கும்தான் இடங்கள் அதிகம். ஏரோஸ்பேஸ் படித்தவர்களுக்குத்தான் இடம் குறைவு. பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவிலும் கேட் ஸ்கோரை வைத்து விஞ்ஞானி 'பி' பணிக்கு எடுக்கிறார்கள். படிப்பை உள்ளே போன பிறகும் தொடரலாம். இப்போதைய இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு 1984ல் சேர்ந்தவர். வேலையில் இருந்தபடிதான் காரக்பூர் ஐஐடியில் 1989ல் கிரையோஜெனிக் (கடுங்குளிர்த் தொழில்நுட்பம்) எம்டெக், 2001ல் ஏரோஸ்பேஸில் பிஎச்டி. அதனால் இஸ்ரோ, டிஆர்டிஓ அறிவிப்புகளுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தாதே. எங்கே சேர்ந்தாலும் சரி, அது ஒரு பக்கம் ஓடட்டும்.

மெக்கானிக்கல்காரனை மதிப்பார்களா என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடு. ஸ்ரீஹரிகோட்டா மையத்துக்கே சதீஷ் தவான் பெயர்தானே வைத்திருக்கிறார்கள்? அவர் லாகூரில் படித்தது கணிதம், இயற்பியல், ஆங்கில இலக்கியம், அதற்கு மேல் பிஇ மெக்கானிக்கல். பிறகுதான் அமெரிக்கா போய் விமானவியல் படித்தார், 1951ல் கால்டெக்கில் பிஎச்டி. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர், ரயில்வே டெக்னீஷியனின் மகன். டிப்ளமோவும் மெக்கானிக்கல், பிஇயும் மெக்கானிக்கல், பிஎச்டி ஐஐடி மெட்ராஸில். மின்னணுப் பெட்டிகளில் வரும் அதிர்வை அடக்குவதுதான் அவருடைய ஆய்வு. ராக்கெட் கிளம்பும்போது வரும் உலுக்கலில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு பிழைக்க வேண்டுமே, அதற்காக. முழுக்க முழுக்க மெக்கானிக்கல் சரக்கு.

ஏரோஸ்பேஸில் உனக்குப் புதிதாக இருக்கப்போவது அமுங்கு பாய்வு (கம்ப்ரெஸிபிள் ஃப்ளோ, அதிவேகத்தில் காற்று அமுங்குவதைக் கணக்கில் எடுப்பது), விமான இயக்கவியல், கொஞ்சம் சுற்றுப்பாதைக் கணக்கு. ஃப்ளூயிட்ஸ், தெர்மோ, ஸ்ட்ரென்த், வைப்ரேஷன் நாலும் ஏற்கெனவே படித்திருக்கிறாய். மிச்சத்தை முதல் வருடக் கோர்ஸ் வொர்க்கில் பிடித்துவிடலாம். கணக்கு மட்டும் இடிக்கும், அதற்கு இப்போதே உட்கார்.

சரி, ஆராய்ச்சி. இது என்னவென்று தெரியாமல் போகிறவர்கள்தான் நடுவில் நொந்து போகிறார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன், ராக்கெட் எந்த மூலையிலாவது தெரிகிறதா பார்.

உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் மேல்பகுதியில் திருகு மாதிரி ஒரு தகடு சுற்றிக்கொண்டு ஏறுவதைப் பார்த்திருக்கிறாயா? அழகுக்கு வைத்ததில்லை. காற்று ஒரு உருளையைக் கடந்து போகும்போது பின்பக்கம் இடம், வலம் என்று மாறி மாறிச் சுழல்கள் கழன்றுகொண்டே போகும். ஒவ்வொன்றும் உருளையை ஒரு பக்கம் இழுக்கும். அந்தத் தாளமும் புகைபோக்கியின் சொந்த அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டால் புகைபோக்கி ஆட ஆரம்பிக்கும். திருகுத் தகடு அந்தச் சுழல்கள் உயரம் முழுக்க ஒரே நேரத்தில் கழலாதபடி கலைத்துவிடுகிறது. ஸ்ட்ரூஹால் என்ற செக் இயற்பியலாளர் 1878லேயே இந்தத் தாளத்தை அளந்தார். காற்றின் வேகத்தை உருளையின் விட்டத்தால் வகுத்து 0.2ஆல் பெருக்கு, கிட்டத்தட்ட வந்துவிடும். 20 மில்லிமீட்டர் கம்பி, வினாடிக்கு 10 மீட்டர் காற்று என்றால் வினாடிக்கு 100 தடவை.

என் ஆய்வு இந்தச் சுழல்களைப் பற்றியது. அளக்கும் கருவி ஹாட் வயர். இரண்டு ஊசி முனைக்கு நடுவே பற்றவைத்த டங்ஸ்டன் கம்பி. ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம், தடிமன் 5 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு மினுக்கல் மட்டும். கரண்ட் விட்டு அதைச் சூடாக, ஒரே வெப்பநிலையில் வைத்திருப்போம். காற்று பட்டால் ஆறும். ஆறவிடாமல் பிடிக்க எவ்வளவு மின்னழுத்தம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து காற்றின் வேகம் கிடைக்கும். வினாடிக்குப் பல ஆயிரம் தடவை.

கேட்க நன்றாக இருக்கிறதா? இப்போது மே மாதச் சென்னையில் இதைச் செய். காலையில் காற்றுக் குழாய் (விண்ட் டனல், மாடல் மேல் காற்றை ஓட்டிச் சோதிக்கும் அமைப்பு) இருக்கும் ஹால் 27 டிகிரி, அப்போது கம்பியை அளவு திருத்தி வைக்கிறோம். மதியம் 32 ஆகிவிடும். அறை சூடானால் கம்பி ஆறுவது குறையும். காற்று அதே வேகத்தில்தான் ஓடுகிறது, கருவி மட்டும் குறைத்துச் சொல்லும். காலையில் எடுத்த கோடும் மதியம் எடுத்த கோடும் ஒட்டவே ஒட்டாது. அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, வெப்பநிலை நின்ற பிறகு ஆரம்பித்து, விடிவதற்குள் முடிப்போம். நடுவில் ஒரு தூசி வந்து மோதினால் கம்பி போச்சு. நுண்ணோக்கிக்கு அடியில் புதுக் கம்பி பற்றவைத்து, திரும்ப முதலிலிருந்து. மாடலை ஒரு அச்சில் நகர்த்தும் டிராவர்ஸ் ஒன்று கேட்டிருந்தேன். மூன்று கொட்டேஷன், டெண்டர், திரும்ப டெண்டர் என்று போய், அது வந்து சேர்ந்தபோது எனக்கு அடுத்த பேட்ச் வந்துவிட்டது. நான் பழைய லேத்தின் குறுக்குச் சறுக்கு ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்து அதை வைத்தே ஓட்டினேன்.

மாடல் உருளை பித்தளையில் வேண்டும், நீளம் முழுக்க விட்டம் மாறக்கூடாது. வெளியே கொடுத்ததெல்லாம் நடுவில் கொஞ்சம் தொப்பையோடு வந்தது. நீளமான மெல்லிய கம்பியை லேத்தில் போட்டால் கட்டிங் டூல் அழுத்தும்போது நடுப்பகுதி வளைந்து விலகிக்கொள்ளும், அங்கே மட்டும் குறைவாகச் சீவும். அப்பாதான் ஸ்டெடி ரெஸ்ட் (கம்பி வளையாமல் நடுவில் தாங்கும் பிடி) கட்டி, கடைசியில் துளித் துளியாகச் சீவி எடுத்துக் கொடுத்தார். மைக்ரோமீட்டரை எங்கே வைத்தாலும் அளவு மாறவில்லை. தீசிஸின் நன்றியுரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'டர்னர்' என்று போட்டேன். வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் முதலில் கேட்ட கேள்வி அந்த உருளையை யார் செய்தார்கள் என்பதுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீ குவாலிட்டியில் இருக்கிறாய். ஒரு அளவு எவ்வளவு நம்பத் தகுந்தது என்ற கேள்வி உனக்கு அன்றாட வேலை. ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது, மூன்றாம் வருடத்தில்தான் உறைக்கும். தவான் கால்டெக்கில் பிஎச்டிக்குச் செய்ததே அப்படி ஒரு அளவுதான். காற்று ஒரு தட்டையான பரப்பை உரசிக்கொண்டு போகும்போது எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதை, பரப்பில் ஒரு சின்னத் துண்டைத் தனியாக மிதக்கவிட்டு நேரடியாக அளந்தார். அந்த விசை அத்தனை சிறியது. பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து, நாட்டின் முதல் ஒலிமிகு வேகக் காற்றுக் குழாயைக் கட்டினார். அதன் சோதனைப் பகுதி 1 அங்குலத்துக்கு 3 அங்குலம், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீ சேரப்போவது ஏரோஸ்பேஸிலும் இல்லை, அந்தப் பெரிய பெயருள்ள நிறுவனத்திலும் இல்லை. ஒரே ஒரு கைடின் (ஆய்வு வழிகாட்டும் பேராசிரியர்) ஒரே ஒரு லேபில் சேரப்போகிறாய். அடுத்த ஐந்து வருடத்துக்கு உன் உலகம் அந்த ஆள், அந்த அறை, அங்கே இருக்கும் நாலைந்து சீனியர்கள். கைடு நல்லவராக அமைந்தால் சாதாரண இடத்திலும் பிரமாதமாக வரலாம். அமையாவிட்டால் எந்தப் பெயரும் காப்பாற்றாது. வெப்சைட்டில் கடைசியாக யார் யார் முடித்தார்கள், சேர்ந்த வருடம் என்ன, முடித்த வருடம் என்ன, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார். அப்புறம் நேரில் போ. கைடிடம் கேட்கக் கூடியதைக் கைடிடம் கேள். மிச்சத்தை லேப் பையன்களோடு கேன்டீனில் டீ குடிக்கும்போது கேள். டிராஃப்டைக் கொடுத்தால் எவ்வளவு நாளில் திருத்தித் தருகிறார்? ஊருக்குப் போக லீவு கேட்டால் முகம் எப்படி மாறுகிறது? கருவி நிஜமாகவே ஓடுகிறதா, இல்லை பெரிய மனிதர்கள் வரும்போது மட்டும் துணியை எடுக்கிறார்களா? 'சார் ரொம்ப பிஸி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையன் தரையைப் பார்த்தால் புரிந்துகொள்.

பணம். மத்திய அரசு ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதற்கு மேல் 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி. இப்போது நீ வாங்குவதைவிட இது அதிகம் என்று அம்மாவிடம் சொல். இந்தத் தொகை பிஎச்டிக்கு. கேட் எழுதி எம்டெக் சேர்ந்தால் 12,400தான். எம்எஸ்ஸுக்கு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்பதை அந்த இடத்துக் கடிதத்தில் பார்த்துவிட்டு முடிவு செய். தங்கை படிப்பு முடியும் வரை வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்று ஒரு எண்ணை அப்பாவோடு உட்கார்ந்து எழுது. அந்த எண் 12,400க்கு மேலே இருந்தால் உனக்கு இரண்டு வழி: ஒன்று நேரடி பிஎச்டி, இன்னொன்று ப்ராஜெக்ட் அசோசியேட் வேலை. இரண்டாவது பலருக்குத் தெரியாது. பேராசிரியர்களின் ப்ராஜெக்டில் சம்பளத்துக்கு ஆள் எடுப்பார்கள். ஒரு வருடம் அந்த லேபிலேயே வேலை பார்த்துவிட்டு, பிடித்தால் பதிவு செய்யலாம், பிடிக்காவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வரலாம். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல வழி இல்லை.

பிறகு என்ன என்று கேட்டாய். ஐஐடி மாதிரி இடத்தில் உதவிப் பேராசிரியர் முதல் நிலைக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 1,01,500. ஆனால் அதற்கு பிஎச்டிக்குப் பிறகு அனுபவம் கேட்பார்கள், நடைமுறையில் போஸ்ட்டாக் இல்லாமல் கஷ்டம். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது வரை எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாது. வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு ஓடும். பெண்ணுக்கு அது இன்னும் சத்தமாக ஓடும், அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். பேராசிரியர் வேலை வேண்டாம் என்றால் பெங்களூரில் தேசிய ஏரோஸ்பேஸ் ஆய்வகம் (என்ஏஎல்) இருக்கிறது, விமான எஞ்சின் கம்பெனிகளின் ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன. சென்னையிலேயே ஐஐடி மெட்ராஸில் முளைத்த அக்னிகுல், 2024 மே 30ல் ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்து காட்டியது. இந்த மாதிரி இடங்களுக்குக் கருவியைக் கையால் கட்டத் தெரிந்த ஆட்கள் தேவை.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதே. பேச்சு லேபில் தானாக வரும். எழுத்துதான் உழைக்க வேண்டும், அது ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.


வியாசர்பாடி டூ ஜெர்மனி எழுதியது:

அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க. வெளிநாட்டுப் பக்கம் மட்டும் ரெண்டு வார்த்தை.

ஜெர்மனியில் பொறியியல் பிஎச்டி என்பது பெரும்பாலும் வேலை. ஒப்பந்தம், சம்பளம், வரி, லீவு எல்லாம் உண்டு. ஆனால் மாஸ்டர்ஸ் இல்லாமல் எடுப்பது அரிது. அதனால் சென்னை எம்எஸ்ஸை லேசாக நினைக்க வேண்டாம் ப்ரோ, அதில் ஒரு நல்ல பேப்பர் வந்தால் இங்கே கதவு திறக்கும். அமெரிக்காவில் பிஎச்டிக்குப் பணம் கிடைக்கும், படிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் ராக்கெட், ராணுவ விமானம் பக்கம் வேலைக்குப் போனால் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பார்கள். ராக்கெட்டுக்காக அங்கே போய், கடைசியில் ஏசி கம்பெனியில் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். தப்பில்லை, முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகணும்.


தண்டையார்பேட்டை பையன் எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த டர்னர் விஷயத்தைத் திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னார்.

வீட்டு எண்ணை எழுதிவிட்டோம், பதினைந்தாயிரம். எம்எஸ் கடிதத்தில் இருக்கும் தொகை அதற்குக் கீழே. சென்னை லேபுக்கு மெட்ரோவில் கிண்டி வரை போய் ஒரு நடை பார்த்துவிட்டு வந்தேன். சீனியர்கள் நன்றாகப் பேசினார்கள், டிராஃப்ட் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். அதே பேராசிரியரிடம் ஒரு ப்ராஜெக்ட் இடம் காலியாக இருக்கிறதாம். ஆகவே எம்எஸ் இன்டர்வியூவுக்கும் போகிறேன், அந்த இடத்துக்கும் மெயில் போட்டிருக்கிறேன். வெளியூர் பிஎச்டியையும் விடவில்லை. இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? அதுதான் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.


தேரடி அக்கா எழுதியது:

நல்ல வேலை செய்தாய். ஒரு வாரத்தில் டிராஃப்ட் திரும்பும் கைடு கிடைத்தால் கோயில் கட்டலாம்.

இன்டர்வியூவில் பெரும்பாலும் 'உனக்குப் பிடித்த இரண்டு பாடம் சொல்' என்று ஆரம்பிப்பார்கள். பெருமைக்காக ப்ரொபல்ஷன் என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதே. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், வைப்ரேஷன் என்று நிஜமாகத் தெரிந்ததைச் சொல். சூத்திரத்தை ஒப்பித்தால் அடுத்த கேள்வி 'ஏன்' என்றுதான் வரும். பெர்னூலி சமன்பாடு எங்கே செல்லாது? ராக்கெட் முனைக்குழாய் ஏன் குறுகிப் பிறகு விரிகிறது? ஒலியைவிட மெதுவாகப் போகும் காற்று குறுகினால் வேகம் எடுக்கும், எல்லோரும் சொல்வார்கள். ஒலி வேகத்தைத் தாண்டிய பிறகு வேகம் கூடக் கூட அடர்த்தி அதைவிட வேகமாகக் குறைகிறது. அதே நிறையைக் கடத்த அதிக இடம் தேவை, அதனால் விரிய வேண்டும். இப்படி வார்த்தையில் சொல்லிவிட்டு அப்புறம் சமன்பாட்டை எழுது. கணக்கில் ஐகன் மதிப்பு, டெய்லர் தொடர், ஸ்பிரிங்கில் தொங்கும் எடையின் சமன்பாடு, இவற்றில் கை நடுங்கக்கூடாது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் அதோடு நிறுத்தாமல், இப்படி யோசித்துப் பார்க்கிறேன் என்று போர்டில் ஒரு படம் போடு. எதிரே உட்கார்ந்திருக்கிற நாங்கள் அந்தப் படத்துக்குத்தான் மதிப்பெண் போடுகிறோம். உன் வேலையைப் பற்றிக் கேட்டால் விட்டுவிடாதே, கேஜ் ஆர் அண்ட் ஆர் (அளவு எவ்வளவு நம்பத் தகுந்தது என்று பார்க்கும் சோதனை) எப்படிச் செய்வீர்கள், ஒரே துண்டை மூன்று பேர் அளந்தால் ஏன் மூன்று எண் வருகிறது என்று விளக்கு. அந்தப் பேச்சு தொடங்கிவிட்டால் பத்து நிமிடம் உன் மைதானத்தில் ஓடும்.

இன்னொன்று, இதில் நல்ல பிள்ளைகள் பலர் கோட்டை விட்டிருக்கிறார்கள். நீ ஓபிசி என்றால் நம்மூர்ச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று, இந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவையில் போட்டு தாலுகா ஆபீஸிலிருந்து வர நாளாகும், நாளைக்கே போடு. கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று பார்த்துக்கொள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வரும் வரை ராஜினாமா எழுதாதே.